சாயும் ஃபைபர் படகில் எடை எங்கே ஒளிந்திருந்தது

எங்கள் வீட்டுப் படகு 28 அடி நீள ஃபைபர் படகு. சுனாமிக்கு அடுத்த ஆண்டு, 2005-இல் கட்டியது. அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டுக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. அவற்றில் ஒன்று கைமாறிக் கைமாறிப் பழவேற்காட்டுக்கு வந்து, கடைசியில் என் மச்சான் வாங்கினார். வாங்கும்போதே அது இடப்பக்கம் சாய்ந்துதான் நின்றது. விற்றவர் அதை மறைக்கவில்லை. "கொஞ்சம் இடது பக்கம் சாயும், வலது பக்கம் ரெண்டு மூட்டை மணல் போட்டா நேரா நிக்கும்" என்று சொல்லி, மூட்டைகளையும் படகோடு சேர்த்தே கொடுத்தார்.

மணல் மூட்டை போட்டால் படகு நேராக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் சாய்வுக்குக் காரணமான எடை அப்படியே உள்ளேதான் இருக்கிறது. அதற்குச் சமமாக இன்னொரு எடையை ஏற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். படகு அந்தக் கூடுதல் எடையைப் போல இரண்டு மடங்கைச் சுமந்து தாழ்ந்து மிதக்கிறது, மீன் ஏற்றும் அளவு குறைகிறது, எண்ணெய்ச் செலவு கூடுகிறது. பழவேற்காட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏரியிலிருந்து கடலுக்குப் போக முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். மணல் மேடிட்டு, அலை மடிந்து விழும் இடம். அங்கே ஒரு பக்க அலையில் மூட்டை நழுவி இடப்பக்கம் போய்விட்டால், ஏற்கெனவே இருக்கிற எடையும் மூட்டையும் ஒரே பக்கம் சேர்ந்துவிடும். ஆட்களோடு படகு கவிழ அது போதும். அதனால் சாய்வின் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கடலுக்குப் போவதில்லை என்று நானும் மச்சானும் முடிவு செய்தோம். எங்கள் ஊரில் இதே மாதிரி சாயும் படகுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, படகு எப்போது சாய்கிறது என்பது. நிற்கும்போது நேராக இருந்து ஓடும்போது மட்டும் சாய்ந்தால், கோளாறு மோட்டார் பக்கத்திலோ அடிப்பாகத்தின் வடிவத்திலோ இருக்கும். பின்னாலிருந்து பார்க்கும்போது வலமாகச் சுற்றும் புரொப்பல்லர், படகை இடப்பக்கம் அழுத்தும். படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களில் இது கொஞ்சம் இருக்கும். வேகத்தைக் குறைத்தால் சாய்வும் குறையும். மேட்டிலும் கல்லிலும் வருடக்கணக்கில் கிடந்து அடிப்பாகம் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தாலும் ஓடும்போது சாயும். நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரி சாய்ந்தால் மோட்டாரை விட்டுவிடலாம். எங்கள் படகு கயிற்றில் கட்டிச் சும்மா நிற்கும்போதே சாய்ந்தது.

அடுத்த சோதனை ரொம்ப முக்கியமானது, ஆனால் பலர் செய்வதில்லை. படகைக் காலி செய்துவிட்டு, உயர்ந்திருக்கும் பக்கத்தை மெல்ல அழுத்தி விட வேண்டும். கையை எடுத்ததும் படகு பழைய பக்கமே திரும்பி வந்து நின்றால், அந்தப் பக்கம் எங்கோ எடை கூடுதலாக இருக்கிறது என்று பொருள். அப்படி வராமல், அழுத்திய பக்கமே சாய்ந்து நின்றுவிட்டால் விஷயம் வேறு. அந்தப் படகில் ஒன்று அடியில் தண்ணீர் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் மேலே எடை அதிகமாகி நிலைப்பே போய்விட்டது. இந்த மாதிரிப் படகில் உயர்ந்த பக்கம் மூட்டை போடுவது உயிருக்கே ஆபத்து. சட்டென்று புரண்டு முன்னைவிட அதிகமாக மறுபக்கம் சாயும். தண்ணீரை இறைத்து, மேலே இருக்கும் பாரத்தைக் கீழே இறக்குவதுதான் அதற்கு வழி.

எங்கள் படகு ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே திரும்பி வந்தது. சரி, எடைதான்.

அப்புறம் படகைச் சுத்தமாகக் காலி செய்தோம். வலை, நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன், தளத்துக்கு அடியில் ஒதுங்கிக் கிடந்த ஈயக் குண்டுகள் வரை எல்லாம் கரைக்கு வந்தன. அடியில் தேங்கியிருந்த தண்ணீரை இறைத்து, பழைய துணியால் ஒற்றி எடுத்தோம். இந்தத் தண்ணீரை லேசாக நினைக்கக் கூடாது. படகு ஒரு விரல் சாய்ந்தாலும் அத்தனை தண்ணீரும் தாழ்ந்த பக்கம் ஓடிவந்து, சாய்வை இரண்டு விரல் ஆக்கிவிடும். எங்கள் படகும் தண்ணீர் போனதும் கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் முழுதாக நிமிரவில்லை.

இந்த இடத்தில் நிறையப் பேர் பெயிண்ட் கோட்டைப் பார்த்து ஏமாறுவார்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே அடித்திருக்கும் பட்டைக்கோடு அநேகமாகக் கண்மதிப்பில் அடித்தது. அதை நம்பாமல், படகின் முன்முனையான அணியத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் மூன்று இடங்களைக் குறித்து, படகின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை அளந்து கொள்ள வேண்டும். படகே கோணலாகக் கட்டியதா என்ற சந்தேகத்தையும் தீர்த்துவிடுவது நல்லது. கரையேற்றிய பிறகு, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை இரண்டு பக்க விளிம்பிலும் பிடித்து மட்டம் பார்த்தோம். அணியத்து முனையிலிருந்து பின்பலகையின் இரண்டு மூலைக்கும் நாடா பிடித்தோம். ஒரு விரல் அளவுக்குக்கூட வித்தியாசம் இல்லை. அவசரத்தில் கட்டியிருந்தாலும் அச்சு நேராகத்தான் இருந்திருக்கிறது.

இதற்குப் பிறகு செய்ததுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. காற்று எழும்பாத விடியற்காலையில் ஏரித் தண்ணீர் அசையாமல் இருக்கும். படகைக் காலியாக மிதக்கவிட்டு, நடுவில் ஒரு கழியைக் கட்டி அதிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டோம். படகு நேராக இருந்தால் குண்டு எங்கே நிற்க வேண்டுமோ அந்த இடத்தை, கரையில் டியூப் மட்டம் வைத்துப் படகை நிமிர்த்தியபோதே கீழே ஒரு பலகையில் குறித்து வைத்திருந்தோம். காற்றில் ஆடாமல் இருக்க, குண்டை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, நூலை மட்டும் பலகையின் விளிம்பில் படியவிட்டோம். நூல் குறியிலிருந்து 5 செ.மீ. இடப்பக்கம் தள்ளி நின்றது.

அடுத்து 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைப் படகின் நடுக்கோட்டில் வைத்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக 40 கிலோ. நடுவில் வைத்ததால் நூல் அநேகமாக அசையவில்லை. இப்போது இரண்டு கேனையும் 60 செ.மீ. வலப்பக்கம் நகர்த்தினோம். நூல் 2 செ.மீ. நகர்ந்தது.

கணக்கு எளிதானது. 40 கிலோவை 0.6 மீட்டர் நகர்த்தினால் 40 பெருக்கல் 0.6, அதாவது 24. இந்த 24-தான் நூலை 2 செ.மீ. நகர்த்துகிறது. அப்படியென்றால் 5 செ.மீ. தள்ளியிருக்க 60 வேண்டும். சாய்வு சின்னதாக இருக்கிறவரை இந்த விகிதம் மாறாது. நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 60 கிலோவோ, முக்கால் மீட்டர் தள்ளி 80 கிலோவோ இந்தப் படகின் இடப்பக்கத்தில் எங்கோ இருக்கிறது. இந்த எண் கையில் இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை. யார் எந்தக் காரணம் சொன்னாலும் அதை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

"மோட்டாரை நடுவில மாட்டல, அதான்" என்று ஒருவர் சொன்னார். மோட்டார் சுமார் 40 கிலோ, நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளி மாட்டியிருந்தாலும் 4-தான் வரும். 60-க்கு அது எங்கே! வர்தா புயலில் அடிபட்டு, இடப்பக்கத்தில் பெரிய ஒட்டு போட்டிருந்தார்கள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி அந்தப் புயல் சென்னைப் பக்கம் கரையேறியபோது இங்கேயும் படகுகளைத் தூக்கி அடித்தது. அந்த ஒட்டு காரணமாக இருக்குமா? இரண்டு சதுர மீட்டர் பரப்பில், 6 மி.மீ. கனத்தில் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) அதை இறுக்கும் ரெசின் பசையும் கூடுதலாக ஏறியிருந்தது. மேட்டும் ரெசினும் சேர்ந்த ஃபைபர், தண்ணீரைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவான எடை. ஆக ஒட்டின் எடை 17, 18 கிலோ. 85 செ.மீ. தள்ளி இருப்பதால் 15 வரும். இது கால் பங்கு. மீதி 45-க்கு ஆள் யார் என்று தெரிய வேண்டும்.

தளத்துக்கு அடியில் இரண்டு பக்கமும், படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க பஃப் (லேசான பாலியூரிதேன் நுரை) அடைத்த அறைகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம், கொள்ளளவு 180 லிட்டர். நல்ல பஃப் ஒரு லிட்டர் 35, 40 கிராமுக்கு மேல் இருக்காது. முழு அறைக்கும் 6, 7 கிலோ. ஆனால் அறையின் நடு, படகின் நடுக்கோட்டிலிருந்து 75 செ.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே 60 கிலோ தண்ணீர் ஏறியிருந்தால் சரியாக 45 வருகிறது.

உடனே தளத்தைக் கிழித்துவிடவில்லை. எங்களுக்கு வேலை செய்துகொடுத்த ஃபைபர் மேஸ்திரி ஒரு சின்ன மரச்சுத்தியலை வைத்துக்கொண்டு தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். வலப்பக்கம் டங் டங்கென்று தெளிவாகக் கேட்டது. இடப்பக்கம் நடுவிலிருந்து பின்பக்கம் போகப் போக, சத்தம் அமுங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஈர மண்ணைத் தட்டுவது போல ஆகிவிட்டது. சத்தம் மாறிய இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார்.

"அண்ணே, இங்கே ஓட்டை போட்டுப் பாத்திடலாமா?" என்று கேட்டேன்.

"போடலாம் தம்பி. ஆனா அடியில போடக் கூடாது. உள்பக்கத்துச் சுவர்ல, கீழ் ஓரமா போடு. தண்ணி இருந்தா அதுவே வரும்."

6 மி.மீ. டிரில்லில், அறையின் உள்சுவரில், பின்கோடியின் கீழ் ஓரமாக ஒரு துளை போட்டோம். பிட்டை வெளியே எடுத்ததும் பழுப்புத் தண்ணீர் மெல்லிய இழையாக வர ஆரம்பித்தது. மண்ணெண்ணெயும் அழுகின மீனும் கலந்த வாடை. மறுநாள் காலையிலும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் முன்னால் தள்ளிப் போட்ட துளையில் தண்ணீர் வரவில்லை. ஆனால் கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தபோது வந்த பஃப் துணுக்கு ஈரமாக, விரலால் அழுத்தினால் நீர் கசியும்படி இருந்தது. காய்ந்த பஃப் வெளிறிய மஞ்சளாக, நகத்தால் கீறினால் பொடியாக உதிரும். வலப்பக்கத்திலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துளை போட்டோம். அங்கே காய்ந்த பொடிதான் வந்தது.

டிரில்லில் வரும் தூளைப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். பழைய படகுகளில் தளத்தைத் தாங்க, ஃபைபருக்கு உள்ளே மரக்கட்டை வைத்து மூடியிருப்பார்கள். தூள் வெளிறி, காய்ந்து வந்தால் கட்டை நல்லபடி இருக்கிறது. கருப்பாக, பசை மாதிரி ஈரத்தோடு வந்தால் உள்ளே மக்கிவிட்டது. அதை மாற்றாமல் தளத்தை மூடுவது வீண் செலவு. எங்கள் படகில் பின்பக்கத்து ஒரு குறுக்குக்கட்டை மட்டும் மக்கியிருந்தது.

தளத்தை வெட்டும்போது அறையின் ஓரத்தில் இரண்டு அங்குலம் உதடு மாதிரி விட்டு வெட்டினோம். திரும்ப மூடும்போது பலகை உட்கார இடம் வேண்டும். உள்ளே மேல்பக்கத்துப் பஃப் ஓரளவு காய்ந்திருந்தது. கீழே போகப் போகக் கனம். ஒரு லிட்டர் அளவுக்கு ஹாக்ஸா பிளேடால் ஒரு துண்டை அறுத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 40 கிராம் இருக்க வேண்டியது 600 கிராம் இருந்தது. அறையில் இருந்ததை எல்லாம் சுரண்டி மூட்டை கட்டி எடை போட்டபோது, வழிந்து போன தண்ணீர் நீங்கலாகவே 50 கிலோவுக்கு மேல் வந்தது. தூக்குக்குண்டு சொன்னது பொய்யில்லை.

ஏன் இடப்பக்கம் மட்டும்? இதற்கு விடை தெரியாமல் மூடினால் சில வருடத்தில் திரும்ப இதே கதைதான். தளத்தில் வலை இழுக்கும் கம்பத்துக்காக நாலு போல்ட் போட்டிருந்தார்கள். துளையின் ஓரத்தை ரெசின் வைத்து அடைக்கவே இல்லை. பக்கச்சுவரும் தளமும் சேரும் மூலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. இந்த இரண்டும் வலப்பக்கமும்தான் இருந்தன. வித்தியாசம், படகு கரையில் கிடந்த விதம். முன்பு வைத்திருந்தவர் ஏரிக்கரைச் சரிவில் எப்போதும் ஒரே திசையில் ஏற்றி வைப்பார். இடப்பக்கம் தாழ்ந்தே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் மழைத்தண்ணீர் எல்லாம் இடப்பக்கத் தளத்தில் தேங்கி, போல்ட் துளை வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அறைக்கு வடிகால் கிடையாது. உள்ளே போனது போனதுதான். பஃப்பின் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியவை என்றாலும், வருடக்கணக்காக அலையில் அடிபட்டு அவை உடையும். உடைந்த அறையில் தண்ணீர் புகும். கடல் தண்ணீரால்தான் படகு கெடும் என்று நினைக்கிறோம். எங்கள் படகுக்குள் இருந்ததில் பெரும்பகுதி மழைத்தண்ணீர் என்றுதான் நான் நம்புகிறேன்.

நனைந்த பஃப்பை அப்படியே வெயிலில் காயவைத்து மூடலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. மேல் ஓர் அங்குலம் காயும், கீழே காயாது. காய்ந்தாலும் உடைந்த நுண்ணறைகள் திரும்ப மூடப் போவதில்லை. அடுத்த மழைக்கு மறுபடி குடிக்கும். முழுக்க எடுத்துப் போடுவதுதான் வேலை.

அதற்குப் பதிலாகச் சிலர் தெர்மக்கோல் அடைப்பார்கள். செலவு குறைவு, ஆனால் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பட்டாலே தெர்மக்கோல் கரைந்து குழிந்துவிடும். பெட்ரோல் கசிந்து இறங்கினாலும் அதே கதிதான். நாங்கள் அறையின் நடுவில் மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன்களை நெருக்கமாக அடுக்கி, இடைவெளியில் இரண்டு திரவம் கலந்து ஊற்றும் பஃப் ஊற்றினோம். பஃப்பை ஒரே தடவையில் ஊற்றக் கூடாது. பொங்கும்போது சூடாகும், அழுத்தத்தில் பக்கச்சுவரையே வெளியே தள்ளிவிடும். கொஞ்சம் ஊற்றி, பொங்கி அடங்கி ஆறிய பிறகுதான் அடுத்தது. அதன் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். துணியை முகத்தில் கட்டிக்கொள்வது போதாது. ரசாயன வேலைக்கான முகக்கவசமே வேண்டும், காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். மேஸ்திரியிடம் இதற்காக நான் கொஞ்சம் சண்டையே போட்டேன்.

மூடும் முன் அறையின் தாழ்ந்த கோடியில், உள்சுவரில், மரை வைத்த மூடியோடு ஒரு வடிகுழாய் வைத்தோம். கம்பத்து போல்ட் துளைகளைப் பெரிதாக்கி, ரெசின் கலவையால் முழுக்க அடைத்து, அது இறுகிய பிறகு அதன் நடுவில் புதிதாகத் துளை போட்டோம். இனி போல்ட் ஓரமாகத் தண்ணீர் பஃப்புக்குள் இறங்குவது கடினம். வலப்பக்க அறையில் பஃப் நன்றாக இருந்ததால் அதைத் திறக்கவில்லை. சோதனைத் துளையையே வடிகுழாயாக மாற்றி, அந்தப் பக்கத்து போல்ட் துளைகளையும் இதே மாதிரி அடைத்தோம்.

படகை ஏரியில் இறக்கி, அதே கழியைக் கட்டி, அதே நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். குறியிலிருந்து ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக இடப்பக்கம் நின்றது. புயலில் போட்ட ஒட்டின் பங்கு அது. கணக்கில் வந்த கால் பங்குக்குப் பொருந்தியது. ஒட்டைச் சுரண்டி எடுத்தால் படகின் பலம் போய்விடும். அதனால் இடப்பக்கம் வைத்துக்கொண்டிருந்த நங்கூரத்தையும் கயிற்றையும் வலப்பக்கம் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒரு கொக்கி அடித்து அங்கேயே கட்டி வைக்க ஏற்பாடு செய்தோம். அவை இரண்டும் சேர்ந்து 15 கிலோ. எண்ணெய் கேனை இதற்குப் பயன்படுத்தலாமே என்று மச்சான் கேட்டார். எண்ணெய் ஓட ஓடக் குறையும், கரை திரும்பும்போது படகு மறுபடி சாயும் என்பதால் கேன் நடுவிலேயே இருக்கிறது.

பழைய ஃபைபர் படகு வாங்கப் போகிறவர்கள் கரையில் பார்த்து விலை பேச வேண்டாம். காலி செய்து, தண்ணீரில் இறக்கி, இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு தண்ணீர் கேனும் ஒரு நூலும் போதும், உள்ளே எவ்வளவு எடை ஒளிந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பஃப் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம். இப்போது எங்கள் படகைக் கரையேற்றும்போதெல்லாம் இரண்டு வடிகுழாய் மூடிகளையும் கழற்றிவிட்டு, அணியத்துக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தி வைக்கிறோம். மழைக்காலம் முடிந்து பார்த்தபோது இடப்பக்கக் குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை, வலப்பக்கத்தில் அரை டம்ளர் வந்தது. அந்தப் பக்கத்து மூலை வெடிப்பை அடுத்த தடவை ரெசின் வாங்கும்போது அடைக்க வேண்டும்.